பச்சைச் சேலைக்கு வந்த வாசகர்கள்

மின்னஞ்சலில் நான் கதை போட்டு அனுப்பும் செய்திமடல் நாற்பத்தோரு பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒன்று என் சொந்த முகவரி. ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதற்காக நானே சேர்த்துக்கொண்டது. இன்னொன்று என் கணவருடையது. அவர் திறப்பதில்லை. மீதிப் பேரில் யார் திறந்தார்கள், எந்த ஊரிலிருந்து திறந்தார்கள், எந்த இணைப்பைத் தொட்டார்கள் என்பதையெல்லாம் அதை அனுப்பித் தரும் தளம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீலக் கோடு போட்டுக் காட்டும். ஏழு பேர். சில வாரம் எட்டுப் பேர்.

திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் எனக்கு வேலை. ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல், பெயர்த் திருத்தம், மறுகூட்டல் விண்ணப்பம். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் அதே பஸ்ஸில் திரும்புவேன். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். முன்பு என் கதைகளைப் போட்ட இரண்டு பத்திரிகைகளில் ஒன்று நின்றுவிட்டது. மற்றொன்று கதைக்கு ஒரு பக்கம் என்று சுருங்கி, பிறகு அந்தப் பக்கத்தையும் சமையல் குறிப்புக்குக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இணையத்துக்கு வந்தேன். வந்த இடத்தில் எழுதுவதை விட, எழுதியதைப் படிக்க வைப்பதற்கான கருவிகளைக் கற்றுக்கொள்வதிலேயே என் நேரம் போயிற்று.

தலைப்புக்கு மதிப்பெண் போடும் தளம் ஒன்று இருந்தது. அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். என் தலைப்பை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்து, அது சொல்கிறபடி திருத்தி, மறுபடி தமிழுக்குக் கொண்டுவருவேன். திரும்பி வரும்போது அது யாரோ எழுதிய தலைப்பாக இருக்கும். தமிழில் எந்தச் சொற்களை அதிகம் தேடுகிறார்கள் என்று சொல்லும் கருவி ஒன்று. மருமகள், மாமியார், துரோகம், ராசிபலன் என்று அது வரிசையாகச் சொல்லும். படம் செய்து கொடுக்கும் செயலி ஒன்று. எந்தக் கதைக்குக் கேட்டாலும் ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்துத் தரும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று சொல்வதற்கும் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி என்றது. நானும் ஞாயிறு காலை பதினோரு மணிக்கே போட்டுவந்தேன். ஏழு பேர் படித்தார்கள்.

துறையூர்க்காரி ஒருத்தியை நான் சந்தித்தது அப்படி ஒரு கருவியைக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில்தான். புத்தூர் பக்கம் ஒரு சிறு அரங்கில் ஒருநாள் பயிற்சி நடந்தது. எழுத்தாளர்கள் இணையத்தில் வாசகர்களைத் திரட்டுவது எப்படி என்பது தலைப்பு. சென்னையிலிருந்து வந்தவர் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி வேகமாகப் பேசினார். என் பக்கத்து நாற்காலியில் முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். பள்ளிக்கூட ரஃப் நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"அக்கா, என்கேஜ்மென்ட் என்கேஜ்மென்ட்னு சொல்றாரே, அது நிச்சயதார்த்தம்தானே?"

"இல்லம்மா. படிக்கிறவங்க நம்மளோட பேசறது, கருத்து எழுதறது, அதச் சொல்றாரு."

"அப்ப பேச்சுன்னே சொல்லலாமே," என்று சொல்லி நோட்டில் திருத்திக்கொண்டாள்.

துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. பன்னிரண்டாவது வரை படித்தவள். கணவர் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறார். ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள். வீட்டில் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். "கண்ணுல ஒண்ணும் இல்லக்கா. ஆனா போறப்ப ஒரு சொட்டு மருந்து வாங்கிட்டுப் போவணும், இல்லேன்னா கேப்பாங்க," என்று சிரித்தாள்.

மதியம் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தபோது, தான் எழுதியதைப் படிக்கக் கொடுத்தாள். எழுதியது என்று சொல்லக்கூடாது; பேசியது. வெங்காயத்தைச் சேமித்துவைக்கும் பட்டறை வயலில் இருக்குமாம். அதன் நிழலில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பேசுவாள். போன் அதை எழுத்தாக மாற்றும். புள்ளி கிடையாது, பத்தி கிடையாது. 'நாத்தனார்' என்று அவள் சொன்னதெல்லாம் 'நாத்தம் நார்' என்று விழுந்திருந்தது. அதையெல்லாம் தாண்டி ஒரு வரி வந்தது. 'மழை பேஞ்ச மறுநாள் பட்டறைக்குள்ள கைய விட்டா வெங்காயம் சூடா இருக்கும் ஜொரம் வந்த பிள்ள நெத்தி மாதிரி.' நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். இருபது வருடத்தில் இப்படி ஒரு வரி என்னிடமிருந்து வந்ததில்லை என்று உடனே தெரிந்தது. சந்தோஷமும் எரிச்சலும் ஒரே நேரத்தில் வந்தன. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்ல முடியவில்லை.

அதன்பிறகு நான் அவளுக்குப் புள்ளி வைப்பவள் ஆனேன். அவள் பேசி அனுப்புவாள். நான் வாக்கியமாகப் பிரித்து, பிழை திருத்தித் திருப்பி அனுப்புவேன். ஒரு கதைத் தளத்தில் அவளுக்குப் புனைபெயரில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தேன். கடவுச்சொல்லை நானே வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அவள் போனில் அந்தத் தளம் சரியாகத் திறக்கவில்லை. அவளுடைய முதல் கதையை ஐந்து பேர் படித்தார்கள். சொல்வதற்கே தயங்கினேன்.

"அஞ்சு பேரா!" என்றாள். "எங்க தெருவுலயே மொத்தம் அஞ்சு வீடுதான்க்கா."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. போதாமல் இருந்தது எனக்குத்தான். அவளுடைய எழுத்தை இன்னும் பல பேர் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். அது உண்மை. அவள் கதைக்குக் கீழே 'திருத்தியவர்' என்று என் செய்திமடலின் இணைப்பையும் போட்டிருந்தேன். அதுவும் உண்மை.

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு நீண்ட பதிவு வந்தது. முதலிலேயே சொல்லிவிட்டாள்: "இது உங்களுக்கு மட்டும்க்கா. போடறதுக்கு இல்ல."

அவளுடைய நாத்தனாரைப் பற்றியது அது. கணவருடைய அக்கா. கல்யாணமான முதல் வருடமே அந்த அக்காவின் கணவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். பிறகு வரவில்லை. அக்கா பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று வீட்டுக்குத் தெரியவந்தது. ஊருக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிறார், வருவார் என்றே சொல்லிவந்தார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த அக்காவின் பெயருக்கு ஒரு பார்சல் வரும். உள்ளே பச்சைச் சேலை இருக்கும். முதலில் அப்பா அனுப்பினார். அப்பா போன பிறகு தம்பி, அதாவது அவளுடைய கணவர், அந்த வேலையை எடுத்துக்கொண்டார். துறையூரில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று திருச்சிக்கு வந்து வாங்குவார். கையெழுத்துத் தெரியாமல் இருக்க இடது கையால் முகவரி எழுதி, இங்கேயே கூரியரில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவார். இரண்டு நாள் கழித்துப் பட்டப்பகலில் கூரியர்காரர் பைக்கில் தெருவுக்குள் வருவார். அக்கா வாசலில் வைத்துப் பிரித்து, "அவருக்கு எப்பவும் பச்சைதான் புடிக்கும்" என்று பக்கத்து வீட்டாரிடம் காட்டுவார்.

ஒரு வருடம் சேலை மடிப்புக்குள் கடை பில் இருந்துவிட்டது. அக்கா அதை எடுத்துப் பார்த்தார். மடித்தார். உள்ளே போய் அடுப்பில் போட்டார். அதை அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அடுத்த வருடமும் பார்சல் வந்தது. அடுத்த வருடமும் அக்கா வாசலில் வைத்துப் பிரித்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அவ்வளவுதான் கதை.

"இதைப் போடணும்மா," என்று அன்றைக்கே கேட்டேன்.

"ஐயோ வேணாங்கா. அண்ணி மானம் போயிடும்." நாத்தனாரை அவள் அண்ணி என்றே கூப்பிடுவாள்.

"யாரு கண்டுபிடிக்கப் போறாங்க? பேரையும் ஊரையும் மாத்திடலாம்."

மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. மூன்று வாரம் ஏதாவது ஒரு சாக்கில் அந்தப் பேச்சையே எடுத்தேன். கடைசியில் அவளே மாற்றிக் கொடுத்தாள். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஊர் என்று வைத்தாள். நாத்தனாரைச் சித்தி ஆக்கினாள். சேலையைச் சுவர்க் கடிகாரம் ஆக்கினாள். இடது கை இல்லை, அடுப்பு இல்லை.

படித்துப் பார்த்தேன். செத்துப்போயிருந்தது. கடிகாரத்தை வாசலில் வைத்து யார் காட்டுவார்கள்? நுணுக்கமான விவரம்தான் வாசகரைப் பிடித்து நிறுத்தும் என்று பயிற்சியில் சொன்னதும் மனதில் இருந்தது. நான் சேலையைத் திருப்பி வைத்தேன். பச்சை நிறத்தை வைத்தேன். சித்தியை மறுபடி நாத்தனார் ஆக்கினேன். பைக்கில் வரும் கூரியர்காரர், இடது கை எழுத்து எல்லாம் திரும்ப வந்தன. பெரம்பலூரை எடுத்துவிட்டுத் துறையூரைப் போட்டேன். பச்சைமலை தெரியும் தெரு என்று அவள் சொன்ன வரி அவ்வளவு நன்றாக இருந்தது, அதை வேறு ஊருக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. கடைசியில் அடுப்புக்கு முன்னால் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, சத்தமில்லாமல் அழவைத்தேன். அது என் சொந்தச் சேர்க்கை. அவள் வைத்திருந்த தலைப்பு 'பார்சல்'. கருவி அதற்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டது. 'வராத கணவன் அனுப்பிய பச்சைச் சேலை' என்று மாற்றினேன். மதிப்பெண் ஏறியது.

"கொஞ்சம் சரிபண்ணியிருக்கேன், படிச்சுப் பாக்கறியா?" என்று போனில் கேட்டேன்.

"இங்க அறுப்பு நடக்குதுக்கா, ஆள் சோறு ஆக்கிட்டிருக்கேன். நீங்க பாத்துக்குங்க."

நான் பார்த்துக்கொண்டேன். ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் என்றுமில்லாத அளவுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும் வரை போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 'அழுதுவிட்டேன்.' 'என் அத்தைக்கும் இதேதான் நடந்தது.' 'ஆண்கள் எல்லோரும் இப்படித்தான்.' 'அந்தத் தம்பிக்குக் கோயில் கட்டலாம்.' ஒவ்வொன்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "இவ்வளவு பேரு வேணாங்கா," என்று மெதுவாகச் சொன்னாள். வெட்கத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் செய்திமடலின் நாற்பத்தொன்று ஒரு வாரத்தில் முந்நூறைத் தாண்டியது. தளம் எனக்கு வாழ்த்துச் சொல்லி, வண்ணத் தாள்கள் பறப்பதுபோல ஒரு படம் காட்டியது. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் அதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன்.

இரண்டாவது வாரம் கதையை யாரோ எடுத்து, ஒரு பெண் குரலில் படிக்க வைத்து, பின்னால் இசை சேர்த்துக் காணொளியாகப் போட்டார்கள். எங்களைக் கேட்கவில்லை. புனைபெயரும் இல்லை. அதைப் பார்த்து இன்னும் சிலர் போட்டார்கள். அது போன் குழுக்களில் சுற்றியது. அவள் கணவரின் சொந்தக்காரர் ஒருவர் திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார். அவர் வீட்டில் யாரோ அதைக் கேட்டுவிட்டு, குடும்பக் குழுவில் போட்டு, கீழே ஒரு வரி எழுதினார்கள்: 'நம்ம வீட்டுப் பார்சல் மாதிரியே இருக்கே?'

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் கணவர் கல்லூரிக்கு வந்தார். அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. மாணவர்கள் வரிசையில் நின்று, முறை வந்ததும் கவுண்டருக்கு முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை.

"மார்க் ஷீட்டுங்களா? பிள்ளை பேரு சொல்லுங்க," என்றேன்.

"இல்லங்க மேடம். துறையூர்லேர்ந்து வரேன். வீட்ல உங்க பேரச் சொன்னாங்க. அந்தக் கதை விஷயமா."

வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலே உயரவில்லை.

"அக்கா இப்ப வாசலுக்கே வர்றதில்லைங்க. ரேஷன் கடைக்குப் போனப்ப ஒரு அம்மா கேட்டுருச்சு, இந்த வருஷம் என்ன கலருன்னு. அதோட சரி. நீங்க அத எடுத்துருங்க, அது போதும்."

"இப்பவே எடுத்துடறேங்க," என்று அவர் கண் முன்னாலேயே போனைத் திறந்தேன். நிச்சயமாக நீக்கவா என்று தளம் கேட்டது. நீக்கினேன். பக்கத்தையும் மூடினேன். "போயிடுச்சுங்க," என்று காட்டினேன்.

அவர் பையிலிருந்து தன் போனை எடுத்து, சிரமப்பட்டுத் தேடி, என்னிடம் நீட்டினார். ஜன்னல் ஓரத்துப் பெண் படம். இசை. குரல் படிக்க ஆரம்பித்தது.

"இது இன்னும் ஓடுதே மேடம்."

"அது நான் போட்டதில்லைங்க. வேற யாரோ."

"எடுக்க முடியாதுங்களா?"

"முயற்சி பண்றேன்."

"பண்ணுங்க," என்றார். போனைப் பைக்குள் போட்டு, "அப்ப வரேங்க," என்று கேட்டைப் பார்த்து நடந்தார்.

விண்ணப்பம் நிரப்புவது என் தொழில். அந்தக் காணொளிகளுக்கு எதிராகவும் நிரப்பினேன். புகார்ப் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்கே ஒரு நாள் ஆனது. படைப்பு உங்களுடையதா என்று கேட்டது. எழுதியவர் சார்பில் என்றேன். அப்படியானால் எழுதியவரின் உண்மைப் பெயரும் முகவரியும் கையொப்பமும் வேண்டும், அந்த விவரம் காணொளியைப் போட்டவருக்கும் அனுப்பப்படலாம் என்றது. அவள் பெயரையும் ஊரையும் மறைப்பதற்காகத்தான் இத்தனையும். அதை முகம் தெரியாத ஒருவனுக்கு நானே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைப் போட்டு அனுப்பிப் பார்த்தேன். நீங்கள் உரிமையாளர் என்பதற்குச் சான்று போதவில்லை என்று பதில் வந்தது. பதிலுக்கு எழுதினால், இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லை என்று இன்னொரு பதில். போட்டவர்களுக்கே நேராக எழுதினேன். ஒருவர் எடுத்துவிட்டார். இன்னொருவர், 'இந்தக் கதைக்கு நல்ல வரவேற்பு, இதுபோல வேறு இருந்தால் அனுப்புங்கள்' என்று எழுதினார். மற்றவர்கள் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் எண்ணிப் பார்த்தபோது முன்பைவிட இரண்டு கூடுதலாக இருந்தன.

என் செய்திமடல் வாசகர்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். ஒரு குடும்பத்துக்குத் துன்பமாகிவிட்டது, அந்தக் கதையைப் பகிராதீர்கள், வைத்திருந்தால் அழித்துவிடுங்கள் என்று. நான் எழுதிய எதையும் அத்தனை பேர் திறந்ததில்லை. பதில்களும் வந்தன. 'அப்படியானால் உண்மைக் கதையா?' 'எந்தத் தெரு?' 'அந்த அம்மாவின் போட்டோ இருக்கிறதா?' 'அடுத்த பாகம் எப்போது?'

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ். அவள் தெரு முனையில் நின்றிருந்தாள். வாங்கக்கா என்றாள். சிரிக்க முயன்றாள். நாத்தனார் வீட்டின் பின்பக்கம் கொட்டகையில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். நான் திருத்திய கதையில் ஒடிந்த உடம்பாக எழுதியிருந்தேன். நேரில் நல்ல திடமான ஆள்.

"நீங்கதான் சரிபண்ணிக் குடுத்தவங்களா? உக்காருங்க," என்றார்.

மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வாக்கியங்கள் கட்டிவைத்திருந்தேன். அவர் விடவில்லை.

"முழுசும் கேட்டேங்க. ஒரு பொண்ணு நல்லாத்தான் படிக்குது. எல்லாம் நடந்ததுதான், பொய் இல்ல. அடுப்புகிட்ட உக்காந்து நான் அழுததா வருதுல்ல, அது மட்டும் நடக்கல."

கையிலிருந்த வெங்காயத்தைக் கூடையில் போட்டார்.

"அன்னிக்கு எனக்குச் சிரிப்பு வந்துச்சுங்க. இவ்வளவு பாடுபட்டு இடது கையால அட்ரஸ் எழுதி அனுப்புறான், பில்ல எடுக்க மறந்துட்டானேன்னு. பாவம், பயந்துக்குவானேன்னுதான் அடுப்புல போட்டேன். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அப்படியே ஓடிட்டு இருந்துச்சு. இந்த வருஷம் அவன் வாங்கல. எப்படி வாங்குவான், சொல்லுங்க?"

"என்னாலதாங்க எல்லாம்," என்றேன்.

அவர் அறுத்த தாளை ஒதுக்கித் தள்ளினார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார். "காபி குடிச்சிட்டுப் போங்க. இவ போடுவா," என்றார்.

திரும்பும்போது அவள் பஸ் நிறுத்தம் வரை வந்தாள். கையில் பட்டன் போன் இருந்தது. பழைய போனை மகளுக்குக் கொடுத்துவிட்டேன், இல்லை, மகளிடமும் வேண்டாமென்று விற்றுவிட்டேன் என்று மாற்றி மாற்றிச் சொன்னாள். கணவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலக்கா. அதான் தாங்க முடியல. திட்டியிருந்தா திருப்பி ஏதாவது பேசியிருப்பேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நான் ஊரை மாத்திக் குடுத்தேனேக்கா? கடிகாரம்னுதானே சொன்னேன்?" என்றாள்.

அதுவரை அவள் என்னை இதைக் கேட்கவில்லை. தளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தாளோ என்னவோ.

"ஆமாம்மா. நான்தான் திருப்பி மாத்துனேன்."

"ஏன்க்கா?"

"அப்பத்தான் நல்லா இருந்துச்சு."

"ம்," என்றாள்.

பஸ் நிறுத்தம் வந்தது. எழுதுவதை விட்டுவிடாதே, யாருக்கும் காட்டாமல் உனக்காக எழுது என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "பட்டறைகிட்ட போனாலே வாயத் தொறக்க வரலக்கா. அண்ணி காதுல விழுமோன்னு இருக்கு," என்றாள். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுதுவதை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. என்னுடைய மூன்று கதைகளை அந்த முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு அனுப்பினேன். முதல் கதையைப் பலர் திறந்தார்கள். அது பச்சைச் சேலையின் தொடர்ச்சி இல்லை என்று தெரிந்ததும் விலகினார்கள். மூன்றாவது கதைக்கு எட்டுப் பேர். அந்த வாரம் செய்திமடலை மூடினேன். தளம் விடவில்லை. நீங்கள் எழுதிப் பல நாளாகிறது, உங்கள் வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்று மாதம் ஒரு கடிதம் போடுகிறது. திறக்காமல் அழிக்கிறேன்.

அவளிடமிருந்து ஐந்தாறு மாதம் பேச்சில்லை. போன ஏப்ரலில் தேர்வு வேலை உச்சத்தில் இருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைத்தாள். யாருடைய போனோ.

"அண்ணி போயிட்டாங்கக்கா."

"ஐயோ, எப்பம்மா?" என்றேன்.

"இல்லக்கா, வேலைக்குப் போயிட்டாங்க. திருப்பூர் பக்கம் ஒரு மில்லு ஹாஸ்டல்ல சமையலுக்கு. கூட்டத்தோட கூட்டமா தங்கிக்கணும், அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சு ஆக்கணும். இந்த வயசுல எதுக்குன்னு இவரு எவ்வளவோ சொன்னாரு. கேக்கல. பொட்டியக் கட்டிட்டு பஸ் ஏறிட்டாங்க. உங்க காலேஜ் ஹாஸ்டல்ல ஏதாச்சும் இருந்தா பாருங்களேன். திருச்சின்னா நாங்க வாரம் ஒருதரம் வந்து பாத்துக்குவோம்."

இப்படி ஒன்றைச் செய்ய எனக்கு வாய்ப்புக் கிடைத்ததே என்று நினைத்தேன். அன்று மதியமே பெண்கள் விடுதிக் காப்பாளரைப் போய்ப் பார்த்தேன். ஜூனில் ஒரு இடம் காலியாகிறது என்றார். தனி அறை கூடத் தரலாம் என்றார். ஓடிவந்து அந்த எண்ணுக்கு அழைத்தேன். வேறு யாரோ எடுத்து, அப்படி யாரும் இல்லை என்றார்கள். அவள் கணவரின் எண் என்னிடம் இருந்தது. தயங்கித் தயங்கிப் போட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"இவ உங்ககிட்ட கேட்டாளா? சரி. ரொம்ப நன்றிங்க மேடம். ஆனா வேணாங்க. நேத்து அக்காகிட்ட பேசுனேன். அங்கயே இருந்துக்கறேன்னு சொல்லிருச்சு."

"தனி ரூம் தராங்க. உங்களுக்கும் பக்கம்..."

"திருச்சின்னா நம்ம பக்கத்துப் பிள்ளைங்க நெறையப் படிக்குதுங்க. திருப்பூர்ப் பக்கம் யாருக்கும் எதுவும் தெரியாது. இருக்கட்டும்ங்க."

மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கவுண்டருக்கு முன்னால் பெயர்த் திருத்தத்துக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். முதலில் நின்ற பெண்ணின் விண்ணப்பத்தை வாங்கி, அவள் அப்பா பெயரில் எந்த எழுத்து தப்பு என்று கேட்டேன்.